சுபேதார் அடிக்காத மணி

போன வாரம் சாயங்காலம் தூறல் போட்டது. வாசற்படியில் நான் கழற்றி விட்டிருந்த ஷூவை மனைவி எடுத்து உள்ளே வைத்தாள். நான் எடுத்து மறுபடியும் வெளியே வைத்தேன். "மய பேயுது, கண்ணு தெர்ல?" என்றாள். தெரிகிறது என்றேன். இருபத்திரண்டு வருஷமாக மழைக்கு மழை இதே சண்டைதான். காரணத்தை அவளிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்வதுகூட எழுத்தில் என்பதால்தான். நேரில் என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது வரைதான் படித்தேன். அந்த ஐந்து வருஷத்திலும், வாத்தியார் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்தும் எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருந்தவன் நான்.

ஷூ என்றால் ஆபீசுக்குப் போட்டுப் போகிற ஷூ இல்லை. கம்பி உருட்டும் மில்லில் கொடுப்பது. விரல் பக்கம் உள்ளே இரும்புத் தகடு வைத்திருக்கும். எட்டு மணி நேரம் உலைக்குப் பக்கத்தில் நின்றால், வேர்வையும் கருகின தோலும் இரும்புத் தூளும் சேர்ந்து அதற்கென்று ஒரு நாற்றம் வந்துவிடும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி நாங்கள் இருந்தது லைன் வீடு. வரிசையாகப் பன்னிரண்டு அறை, அறைக்கு மூன்று பேர். யாரும் ஷூவை உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். கொண்டுபோனால் கூட இருக்கிறவன் நம்மைத் தூக்கி வெளியே வைப்பான். அதனால் படியைப் பார்த்தாலே உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

அதை முதலில் கண்டுபிடித்தவர் சுபேதார்தான்.

அவர் சுபேதார் இல்லை. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊராகப் பார்த்து அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தது. திருத்திச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அவரும் சுபேதாராகவே ஆகிவிட்டார். நான் பார்த்தபோது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட காக்கி அரைக்கால் சட்டை, செயின் கார்டில் உரசி உரசிச் சத்தம் போடும் பச்சைச் சைக்கிள். இரண்டு சண்டை பார்த்தவர் என்பார்கள். சண்டையைப் பற்றிக் கேட்டால் குளிரைப் பற்றிச் சொல்வார், கிழிந்த காலுறை தைப்பதைப் பற்றிச் சொல்வார். அதோடு சரி.

அவருடைய வேலை ரத்தத்துக்கு ஆள் தேடுவது. யாரும் கொடுத்த வேலை இல்லை. மில் கேட்டுகளில் நின்று, ரத்த வகை பார்க்கிறவர்களை வரவழைத்து, ஒவ்வொருவரையும் பிடித்து விரலைக் குத்தவைத்து, நீள நோட்டில் எழுதிக்கொள்வார். பெயர், ரத்த வகை, எந்த மில், எந்த ஷிப்டு, எந்த வீடு, கடைசியாக எப்போது கொடுத்தான். செல்போன் எங்கள் கைக்கு வராத காலம். எங்காவது விபத்து என்றால் முதலில் செய்தி அவருக்குப் போகும். நோட்டைப் புரட்டுவார், சைக்கிளை எடுப்பார். பையில் அவித்த முட்டையும் வாழைப்பழமும் இருக்கும். "நாஷ்டா பண்ணியா?" என்று கேட்காமல் யாரையும் பின்னால் ஏற்ற மாட்டார்.

ராத்திரி ஷிப்டு பார்த்தவர்கள் பகலில் தூங்குவார்கள் என்பதால் கதவைத் தட்டக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தார். படியில் ஷூ இருந்தால் சைக்கிள் மணியை இரண்டு தடவை அடிப்பார். வேண்டியவன் எழுந்து வருவான். மற்றவன் புரண்டு படுப்பான். ஷூ இல்லையென்றால் அடுத்த வீடு. ஏன் இந்த வயதில் இப்படி அலைகிறீர்கள் என்று என் அறைக்காரன் ஒருமுறை கேட்டான். "பென்சன் இன்னும் வந்துக்கினுதானே கீது" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

என் விரலைக் குத்திப் பார்த்த அன்று அவர் முகம் மாறியது. ஓ நெகட்டிவ். எங்கள் பக்கத்தில் அந்த வகை மூன்றே பேர் என்றார். என் முழங்கை மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "நல்ல நரம்பு நைனா" என்றார். அதுவரை என்னிடம் இருக்கிற எதையும் யாரும் நல்லது என்று சொன்னதில்லை. அதன்பின் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது என் படிக்கு முன்னால் மணி அடித்தது. அறைக்காரர்கள் "மாப்பிள்ளைக்கு அழைப்பு வந்துட்ச்சு" என்று கேலி பண்ணுவார்கள். வெட்கமாக இருக்கும். ஆனால் பன்னிரண்டு அறை லைனில் ஒருவர் என்னைத்தான் தேடி வருகிறார் என்பது, சொன்னால் சிறுபிள்ளைத்தனம், எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இனி அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருஷம் காண்ட்ராக்டில் இருந்தவனை நிரந்தரம் செய்வதாக மில்லில் சொல்லியிருந்தார்கள். மறுநாள் எனக்கு மெடிக்கல். ஐம்பது கிலோவுக்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கேன்டீனில் பேச்சு. ரயில்வே ஸ்டேஷன் எடை மிஷினில் ஏறிப் பார்த்தேன், ஐம்பத்தொன்று காட்டியது. ஒரு வாரமாக வாழைப்பழமாகத் தின்றுகொண்டிருந்தேன். இந்த நேரத்தில் ரத்தம் கொடுத்தால் ஒரு கிலோ குறைந்துவிடும், ஒரு கிலோ குறைந்தால் வேலை போய்விடும் என்பது என் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஊரில் அம்மாவும் கல்யாணத்துக்கு இருந்த தங்கையும் அந்த வேலையைத்தான் நம்பியிருந்தார்கள்.

காலை பதினொரு மணி இருக்கும். ஷிப்டு முடிந்து வந்து படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. அறையில் நான் மட்டும். தூறல் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. சந்து முனையில் செயின் கார்டு உரசும் சத்தம் கேட்டது. யோசிக்கவே இல்லை. கதவைத் துளி திறந்து, கையை நீட்டி, ஷூவை உள்ளே இழுத்து, சத்தமில்லாமல் சாத்தினேன்.

சைக்கிள் வந்து என் படிக்கு நேராக நின்றது. நான் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவில்லை. பத்து மூச்சு விடுகிற நேரம் நின்றிருப்பார். பிறகு அந்த உரசல் சத்தம் மெல்லத் தூரமாகப் போனது.

கதவைத் திறந்து பார்த்தேன். சிமெண்டுப் படி முழுக்க நனைந்திருந்தது. ஷூ இருந்த இடத்தில் மட்டும் இரண்டு தடம், வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் ஒவ்வொரு துளியாக விழுந்து மறைந்தது.

பக்கத்து மில் ஒன்றில் சிவக்கக் காய்ந்த கம்பி தடம் மாறிப் பாய்ந்து, ஒடிசாக்காரர் ஒருவரின் தொடையைக் கிழித்திருந்தது. அவருக்கு வேண்டியதும் ஓ நெகட்டிவ். என்னைத் தவிர இருந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை. இன்னொருவர் பள்ளிப்பட்டில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தார். சுபேதார் பொன்னேரி தாண்டிப் போய் யாரையோ கண்டுபிடித்துக் கூட்டிப் போனபோது மணி நாலு. அடிபட்ட ஒடிசாக்காரர் அன்று பொழுது சாய்வதற்குள் இறந்துபோனார். உடலை அவர் ஊருக்கு அனுப்ப வண்டி பிடித்ததும் சுபேதார்தான். நான் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டரிடமும் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் நிம்மதி. ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

மறுநாள் மெடிக்கலில் கண்ணையும் நாக்கையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். எடை பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு சுபேதார் என் படிக்கு வராமல் இல்லை. முன்பு போலவே வந்தார், இரண்டு தடவை மணி அடித்தார். முன்பு போலவே "நாஷ்டா பண்ணியா நைனா?" என்றார். நான் அடுத்த நிமிஷம் வெளியே நிற்பேன். கல்யாணமாகி வேறு வீடு போனபோது புது விலாசத்தை நானே போய் நோட்டில் எழுதச் சொன்னேன். அந்தக் காய்ந்த தடத்தை அவர் பார்த்தாரா என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஈரத்தரையில் கால்தடம் பார்த்தே எல்லையில் காவல் காத்தவர். பார்க்காமல் இருந்திருப்பாரா?

செல்போன் வந்தது. சைக்கிள் நின்றது. எண்பத்தைந்து வயதுக்கு மேலும் அவர் போனில் கூப்பிட்டு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு காது போனது, கண்ணும் மங்கியது. தொண்ணூற்று நாலாவது வயதில், போன வருஷம், படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அன்று சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

மருமகள் அவர் காதில் என் பெயரைக் கத்தினார். அவர் கையை நீட்டினார். என் முழங்கை மடிப்பைத் தேடிப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினார். மருமகள் டீ போட உள்ளே போனதும், அவராகவே பேசினார்.

"நைனா, அன்னிக்குத் தூறல் போட்டுச்சே, ஞாபகம் கீதா?"

பிடித்த கையை அவர் விடவில்லை.

"உன் படியில ஷூ இருந்த எடம் காஞ்சி கெடந்துச்சு. பாவம், ராத்திரி வேல பாத்தவன், நனையுதேன்னு எட்த்து உள்ள வெச்சிட்டுத் தூங்கறான்னு நெனச்சேன். மறுநாளு உனக்கு மெடிக்கலுன்னு வேற சொன்னாங்க. மணி மேல கைய வெச்சேன். அடிக்கல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அடிச்சிருந்தா நீ வந்திருப்ப. அந்த ஒடிசாக்காரன் பொயச்சிருப்பான். அது என் தப்பு நைனா. யார்கிட்டயும் சொன்னதில்ல."

நான் தூங்கவில்லை ஐயா, விழித்துக்கொண்டுதான் இருந்தேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அவர் காதருகே குனிந்தும் விட்டேன். காது கேட்காதவரிடம் கத்தித்தான் சொல்ல வேண்டும். மருமகள் டீயோடு வந்து நின்றார். நான் நிமிர்ந்து டம்ளரை வாங்கிக்கொண்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "டீ நல்லா கீதும்மா" என்றேன்.

அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று இருந்தேன். வியாழக்கிழமையே அவர் போய்விட்டார். செய்யாத தப்பைத் தன்னுடையது என்று கூடவே எடுத்துக்கொண்டு.

பட்டாளத்தில் இருந்த நாலைந்து பேர் வந்து விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார்கள். நான் தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்தேன். வாசலில் கிடந்த செருப்புக் குவியலைப் பார்த்தேன். விரலில் இரும்பு வைத்த ஷூ என்னுடையதைச் சேர்த்து மூன்று ஜோடி. நோட்டில் இருந்த மற்றவர்கள் பாதிப் பேர் செத்தார்கள், பாதிப் பேர் ஊர் மாறிப் போனார்கள்.

அந்த நோட்டு யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. இப்போது போனில் வருகிறது, ஓ நெகட்டிவ் அவசரம் என்று. நாலு பேர் அனுப்பி வைப்பார்கள். கூப்பிட்டுக் கேட்டால், அது போன மாதச் செய்தி என்பார்கள். நாஷ்டா ஆயிற்றா என்று யாரும் கேட்பதில்லை. லைன் வீட்டை இடித்துக் கன்டெய்னர் லாரிகள் நிறுத்துகிற இடமாக்கிவிட்டார்கள். அந்தப் படி எந்த இடத்தில் இருந்தது என்று என்னால்கூடக் காட்ட முடியாது. இருந்திருந்தால் அதன்மேல் உட்கார்ந்து, விழித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருப்பேன்.

போன வாரத் தூறல் பெரிய மழையாகி விடியும்வரை பெய்தது. காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு முதல் ஷிப்டுக்குப் போனேன்.