சமணர் வீட்டு விருந்து

வந்தவாசிப் பக்கத்தில் பட்டிமன்றம் தரணி என்றால் டீக்கடையில் கூடத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டைக்குச் சீட்டு எழுதுகிற உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமையானால் பட்டு ஜிப்பா, நெற்றி நிறைய விபூதி, தொண்டைக்கு அதிமதுரம். மைக்கைப் பிடித்தால் கல்லும் சிரிக்கும். ஆனால் மனுசனின் முழுப்பெயர் தரணேந்திரன் என்பதும், நயினார் வீட்டுப் பிள்ளை, தலைமுறை தலைமுறையாய்ச் சமணர் என்பதும் மேடை உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

மறைக்கச் சொல்லி யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. அதுதான் நமக்கு வயிற்றெரிச்சல். முதன்முதலில் ஏறியது ஒரு சிவன் கோயில் மேடை. எல்லாரும் பூசினார்கள், இவரும் பூசிக்கொண்டார். அறிமுகம் செய்தவர் 'சிவநெறிச் செல்வர்' என்று ஒரு போடு போட, கூட்டம் கை தட்டியது. தட்டுகிற கையை எவனாவது போய்ப் பிடிப்பானா? அப்படியே ஒட்டிக்கொண்டது. பிறகு ஒவ்வொரு மேடையிலும், இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே காலம் ஓடிவிட்டது.

நடுவர் பேராசிரியர் ஏகாம்பரத்தின் குழுவில் ஓரிடம் காலி என்று சேதி வந்தது. அதில் சேர்ந்தால் பொங்கலுக்கு டிவியில் வரலாம், மலேசியா வரைக்கும் போகலாம். தரணிக்கு ராத்தூக்கம் போயிற்று. கார்த்திகை மாதம், தமிழ்ச்சங்க விழா, கல்யாண மண்டபத்தில் பகல் மூன்று மணிக்குப் பட்டிமன்றம். அதுதான் பரீட்சை. தலைப்பு: ஈரடியில் அறம் சொன்ன நம் புலவரின் நெறி வைதிகமா, சமணமா?

ஏகாம்பரம் போன் பண்ணி, "தம்பி, உனக்கு எந்தப் பக்கம் வேணும்? நீயே சொல்லு" என்று கேட்டார்.

தரணி மூச்சு விடாமல், "வைதிகம்தான் ஐயா. அதுதானே நம்ம பக்கம்" என்றார். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் காது சுட்டது. அவ்வளவுதான்.

எதிரணியில் மங்கையற்செல்வி என்று ஒரு கல்லூரி ஆசிரியை. பாவம், படித்த பெண், படித்ததைப் படித்தபடியே ஒப்பித்தாள். கடவுள் வாழ்த்தில் சிவன் பேரோ திருமால் பேரோ இல்லையே என்றாள். கொல்லாமையும் புலால் மறுப்பும் இத்தனை அழுத்தமாக யாருடைய பேச்சு என்று கேட்டாள். எல்லாம் சரிதான். ஆனால் கூட்டம் கொட்டாவி விட்டது. அவள் தடுமாறிய இடத்தில் எல்லாம் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று தரணிக்குத் தெரியும். சின்ன வயதில் அம்மா மடியில் கேட்டது ஆச்சே!

தரணி எழுந்தார். நூலில் வரும் இந்திரனை இழுத்தார், திருமகளை இழுத்தார். "மயிற்பீலியால எறும்பை ஒதுக்கிட்டு நடக்கற சாமியாருக்குக் காதலிச்சவ கண்ணைப் பத்தி எழுத வருமாய்யா?" என்றார். மண்டபம் அதிர்ந்தது. ஏகாம்பரம் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

அப்போதுதான் பெண்கள் பக்கத்தில் ஜினவதியைப் பார்த்தார். கூடப் பிறந்த அக்கா. தம்பி பேசுவதெல்லாம் கோயில் திருவிழாவில் என்பதால் ஒருநாளும் வந்தவள் இல்லை. 'உன் தம்பி நம்ம நூலைப் பத்திப் பேசறானாம்' என்று யாரோ சொல்ல, ஆசையாய் டவுன் பஸ் ஏறி வந்திருக்கிறாள். தம்பி நெற்றியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பார்த்த பிறகாவது வாயை அடக்கியிருக்கலாம். கைதட்டல் ருசி விடுமா?

"சரி, விருந்தோம்பலுக்கு வருவோம். பட்டினி கெடந்து சாகறதே புண்ணியம்னு சொல்றவங்க இந்தச் சமணருங்க. அவங்க வீட்டுக்கு நாம விருந்தாளியாப் போனா என்னய்யா போடுவாங்க?" நிறுத்தினார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "பக்கத்துல ஒரு பாயைப் போடுவாங்க! வாங்க, நீங்களும் படுங்கன்னு!"

விசில் பறந்தது. நாற்காலி கவிழச் சிரித்தார்கள்.

அவர் அம்மா அப்படித்தான் போனாள். மூன்று வருசம் முன்னால், உடம்பு இனித் தேறாது என்று தெரிந்ததும் விரதம் எடுத்து, முதலில் சோற்றை விட்டாள், பிறகு கஞ்சியை, கடைசியில் தண்ணீரையும் விட்டாள். பார்க்க வந்தவர்களை எல்லாம், நாக்கு புரளுகிற வரைக்கும், "சாப்ட்டியா? உள்ள போய்ச் சாப்புடு" என்று அனுப்பிக்கொண்டே இருந்தாள். உள்ளே ஜினவதி உலை வைத்தபடியே இருந்தாள். வந்தவர் ஒருத்தரும் வெறும் வயிற்றோடு திரும்பவில்லை. மங்கையற்செல்விக்கு இந்த ஒன்று தெரிந்திருந்தால் போதும், தரணியின் வாதம் அங்கேயே படுத்திருக்கும். மேடையில் அது தெரிந்த ஒரே ஆள் மைக் முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

வழக்கம்போல 'அறம் எல்லாருக்கும் பொது' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஏகாம்பரம் இறங்கி வந்து தரணியின் தோளில் கை போட்டார். "பொங்கலுக்கு நீதான்டா தம்பி! அந்தப் பாய் ஜோக்கை டிவியிலயும் வெச்சிரு." படிக்கட்டோரம் நின்ற ஜினவதியைப் பார்த்து, "அம்மா யாரு?" என்றார்.

அக்கா என்று சொன்னால் பேர் கேட்பார். ஜினவதி என்ற பேரே சமணர் வீடு என்று காட்டிக்கொடுத்துவிடும். தரணி முந்திக்கொண்டு, "தெரிஞ்சவங்க ஐயா" என்றார்.

ஜினவதி ஒரு நொடி தம்பியைப் பார்த்தாள். பிறகு ஏகாம்பரத்தைக் கும்பிட்டு, "ஆமாங்க, ஒரே ஊரு. பேச்சுக் கேக்கலாம்னு வந்தேன்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு மேடைக்குப் போனார்.

தரணிக்குக் கூசிப்போயிற்று. "அக்கா... கோச்சுக்காத. பேச்சு வேகத்துல வாய் தவறி வந்துடுச்சு."

ஜினவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

"வாய் தவறலடா. கைதட்டறதுக்கு எடம் விட்டுல்ல சொன்ன!"

மேடையில் பொன்னாடைக்கு அவர் பேரைக் கூப்பிட்டார்கள். தரணி போனார்.