கடைசி இரண்டு வரிசைகள்

தேவிப்ரியாவுக்கு 2005-ல் வயது இருபத்தாறு. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை எனும் நிலக்கடலை பயிரிடும் குடும்பத்தின் முதல் பட்டதாரி. வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் கல்லூரி ஆராய்ச்சிக்கூடத்தில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் டெக்னீஷியனாக இருந்தாள்.

அவளுடைய மேலதிகாரி டாக்டர் இராமலிங்கம், ஒரு மருந்துக் கம்பெனியின் பணத்தில், அவர்களுடைய மூலிகைச் சாறு வீக்கத்தைக் குறைக்குமா என்று இரண்டு வருடங்களாகச் சுண்டெலிகளில் சோதித்துவந்தார். வீக்கம் கண்ட எலியின் ரத்தத்தில் ஒரு நோயெதிர்ப்புப் புரதம் கூடும். அதை மட்டும் பிடித்துக்கொள்ளும் சுத்திகரித்த ஆன்டிபாடியைப் பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் பூசி, எலி ரத்தத்தின் தெளிநீரான சீரத்தை விட்டு, இன்னொரு ஆன்டிபாடியும் சாயமும் சேர்த்தால், புரதம் உள்ள குழி மஞ்சளாகும். ஒவ்வொரு கட்டத்திலும் நன்றாகக் கழுவ வேண்டும்; இல்லாவிட்டால் ஒட்டாத ஆன்டிபாடி தங்கி, புரதம் இல்லாத குழியும் மஞ்சளாகிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாறு குடித்த எலிகளின் குழிகள் வெளிறியும், குடிக்காதவற்றின் குழிகள் அடர்மஞ்சளாகவும் இருந்தன. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். தேவிப்ரியாவால் சிரிக்க முடியவில்லை.

"சார், வெறும் குழி ரெண்டுல ஒண்ணு மஞ்சளாயிடுச்சு. கடைசி வரிசைல இருக்கறது. அதுல சீரமே விடல சார்."

"ஒரு குழிதானேம்மா? அதை விட்டுட்டு கணக்குப் போடு. நாளைக்கு மூணு மணிக்கு கம்பெனிக்காரங்க வந்துடுவாங்க."

அவர் போனதும், எட்டு வரிசைகளையும் ஒரே நேரத்தில் கழுவும் எட்டு முனைப் பிப்பெட்டில் தண்ணீரை உறிஞ்சிப் பார்த்தாள். ஆறு முனைகளில் ஒரே மட்டம். கடைசி இரண்டில் பாதிகூட ஏறவில்லை. கடைசி இரண்டு வரிசைகளும் சரியாகக் கழுவப்படவே இல்லை. சாறு குடிக்காத எலிகளின் சீரத்தை எல்லாம் அந்த வரிசைகளில் விட்டவளும் அவள்தான்.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, டாக்டரின் அறைக்குப் போனாள்.

"பிப்பெட்டோட கடைசி ரெண்டு முனை சரியா இழுக்கல சார். அந்த ரெண்டு வரிசையும் சரியா கழுவல. நான்தான் பாக்காம விட்டுட்டேன்."

அவர் முகம் இறுகியது. "இந்த ப்ராஜக்ட் போச்சுன்னா உன் வேலையும் போயிடும். தெரியுதா?"

"தெரியுது சார். இன்னொரு தட்டுல ஆன்டிபாடி பூசி வெச்சிருக்கேன். காலைல வந்து போட்டுப் பாத்துடறேன்."



புதன்கிழமை முதல் பஸ்ஸில் வந்தாள். இரண்டு கூட்ட எலிகளின் சீரத்தையும் மேலும் கீழுமாக வரிசை மாற்றி விட்டு, ஒவ்வொரு குழியாக ஒற்றை முனைப் பிப்பெட்டால் கழுவினாள். பெருவிரல் மரத்துப்போனது. ஒரு மணிக்குச் சாயம் விட்டபோது டாக்டர் பின்னால் வந்து நின்றார்.

வெறும் குழிகள் இரண்டும் தெளிவாகவே இருந்தன. எலிகளின் குழிகளில், சாறு குடித்ததற்கும் குடிக்காததற்கும் ஒரே வெளிர்மஞ்சள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ரெண்டு வருஷம்மா," என்றார்.

மூன்று மணிக்கு வந்தவர்கள் முன்னால் இரண்டு தட்டுகளையும் அவரே எடுத்து வைத்தார். "நேத்து எங்க கைல தப்பு நடந்துச்சு. இன்னைக்கு வந்ததுதான் சரி. உங்க மருந்து வேலை செய்யல."

அடுத்த மாதமே திட்டம் நின்றது. தேவிப்ரியாவின் ஒப்பந்தமும் முடிந்தது. டாக்டர் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தில் நடந்ததை ஒளிக்காமல் எழுதியிருந்தார். வேலை கேட்டுப் போன இடத்தில் அதைப் படித்த ஒருவர், "முதல்ல தப்பு பண்ணது நீங்கதானே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். ஐந்து மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தின் தலைவி அதே கடிதத்தை இருமுறை படித்துவிட்டு, "திங்கட்கிழமையே வந்துடுங்க" என்றார்.