திருவானைக்காவலில் சூடான இன்ஜின்

போன வாரம் என் மகன் கனடாவுக்குக் கிளம்பினான். "ஏர்போர்ட்டுக்கு வர வேணாம்ப்பா, வாசலோட நிறுத்திருவாங்க, உங்களுக்குக் கால் வலிக்கும்" என்றான். கால் டாக்சி வந்தது. கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. ஏதோ எலுமிச்சை வாசனையை விட்டுவிட்டுப் போயிற்று. இருபது வருஷம் லால்குடிப் பக்கத்து ஜனங்களைத் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வேனில் கொண்டுபோனவன் நான். சொந்தப் பிள்ளையைத் தெருமுனையோடு வழியனுப்பினேன். சிரித்துக்கொள்ளுங்கள்.

என் வேனுக்கு வேறு வாசனை. டீசல், மல்லிகைப்பூ, பொட்டலம் கட்டிய புளியோதரை. சிங்கப்பூர் போவது ஒருத்தர், ஏற்றிவிடப் போவது பதினெட்டுப் பேர். போகிறவரைச் சுற்றி அம்மா, மாமா, சித்தப்பா. மனைவிக்கு எப்போதும் கடைசி சீட்டுதான், மடியில் தூக்குச்சட்டியோடு. தாலி கட்டி மூன்று மாதம்தான் ஆகியிருந்தாலும் அதே இடம். ஏர்போர்ட்டில் அவள் முறை வருவதற்குள் அவன் உள்ளே போயிருப்பான்.

அதனால் நானாக ஒரு வழக்கம் வைத்திருந்தேன். திருவானைக்காவல் வந்ததும் இன்ஜின் சூடாகிவிட்டது என்பேன். எல்லாரும் டீ குடிக்க இறங்குவார்கள். போகிறவரிடம், "பெட்டியெல்லாம் இருக்கு, நீங்க வண்டியிலேயே இருங்க, தங்கச்சியும் இருக்கட்டும்" என்பேன். பிறகு ரேடியேட்டர் பக்கம் போய்த் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன். பெரிய சாணக்கியன் என்று நினைப்பு.

செல்வி என்று ஒரு பெண். அவள் புருஷன் தன் தங்கை கல்யாணத்தை நடத்துவதற்காகச் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினான். அவர்களுக்கும் பத்து நிமிஷம் கொடுத்தேன். காதில் விழுந்தது இவ்வளவுதான்.

"ஊறுகாய் வச்சியா?"

"வச்சேன்."

இதற்கா நான் இன்ஜினைச் சூடாக்கினேன் என்று எரிச்சலாக வந்தது.

திரும்பும்போது, தலை சுற்றுகிறது என்று சொல்லி அதே இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அழுது ஓய்ந்த கூட்டம் தூங்கிக்கொண்டிருந்தது. இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாள் தள்ளிப் போயிருக்குண்ணே."

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஏற மாட்டாரு. அப்புறம் அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னுரும். வீட்டுலயும் இன்னும் யாருக்கும் தெரியாது. யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு, அதான்."

நிரம்பியிருந்த ரேடியேட்டரில் மறுபடி தண்ணீர் ஊற்றினேன். வழிந்து காலை நனைத்தது.

கல்யாணம் நடந்தது. பிறந்த மகளை அவன் முதலில் பார்த்தது அவளுக்கு இரண்டரை வயதில். மாடி வீடு எழும்பியது. மகளும் இப்போது ஆஸ்திரேலியாவில். அவன் வருஷத்துக்கு ஒரு மாதம் வந்துபோகிறான். செல்வி ஐந்து அறைகளில் ஒன்றில் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு இருக்கிறாள்.

வேனை விற்றுவிட்டேன். பதினெட்டுப் பேர் இப்போது யாரோடும் போவதில்லை. ஒற்றை ஆளை ஏற்றிக்கொண்டு கார்கள் பைபாஸில் பறக்கின்றன. இருபது நிமிஷம் மிச்சமாம். திருவானைக்காவலில் யாருக்காகவும் எந்த இன்ஜினும் சூடாவதில்லை.