ராகு காலத்தில எடுத்த கார்

கார் வாங்கப் போறதெண்டால் சாத்திரியாரிட்ட நேரம் கேளுங்கோ, அது உங்கட விருப்பம். ஆனால் அந்த நேரத்தைக் கார் விக்கிறவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. நாங்கள் சொன்னனாங்கள். காரைக் கழுவித் துடைச்சு வைப்பான் எண்டு நினைச்சுத்தான் சொன்னது. அவன் வேற ஒண்டையும் சேர்த்து ஆயத்தப்படுத்தி வைச்சிருந்தான்.

என்ர மனுசனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. சண்டைக் காலத்தில போனது. அதுக்கு முன்னம் உழவு மெசின் ஓடினவர். இப்ப பதினொரு வருசமாய் என்ர ஸ்கூட்டிக்குப் பின்னால இருந்துதான் எல்லா இடமும் போய்வாறார். கண்டாவளை றோட்டில கிடங்கில விழுந்து எழும்பிற நேரமெல்லாம் நான் "பிடிச்சுக்கொண்டு இருங்கோ" எண்டு கத்துவன். "ஓம், ஓம்" எண்டுவார். வேற கதை இல்லை. பொம்பிளைக்குப் பின்னால தொங்கிக்கொண்டு போறார் எண்டு சனம் கதைக்கிறது எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலுமோ?

வவுனியாவில ஒரு கராச்சில, ஓட்டோமற்றிக் காரின்ர அக்சிலேட்டரை இடது காலால அமத்திற மாதிரி மாத்திக் குடுக்கினம் எண்டு விசாரிச்சுக் கண்டுபிடிச்சதே இவர்தான். ஒரு லட்சத்து எழுபதாயிரம் கேட்டவை. கோழி வளர்த்து முட்டை வித்து, இவர் தன்ர பாட்டில சேர்த்த காசு அது. காருக்கு என்ர பாங்க் லோன், அந்த மாத்து வேலைக்கு இவற்ர முட்டைக் காசு. அதைக் கடித உறையில போட்டுச் சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டுதான் அண்டைக்கு வந்தவர்.

அண்டைக்குப் புதன்கிழமை. பதினொரு மணிக்குப் பிறகு, பன்னிரண்டுக்கு ராகு காலம் தொடங்க முன்னம் கார் கடைவாசலைத் தாண்ட வேணும் எண்டது சாத்திரியாற்ர கணக்கு. காரை ஓடிக்கொண்டு வர என்ர தம்பியையும் கூட்டிக்கொண்டு போனனாங்கள். அவன் வேன் ஓடுறவன். நாலு ரயருக்கும் கீழ தேசிக்காய் வைச்சு, மாலை போட்டு, நான் கற்பூரத்தைக் கையில எடுக்கிறன், அந்த ஷோரூம் மனேச்சர் ஒரு தாளோட வாறார். "ஒரு சின்ன விசயம் அக்கா."

சின்ன விசயம் ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம் ரூபா! பதிவுக் கட்டணம், நம்பர் பிளேட், வருச லைசென்ஸ், ஆவணச் செலவு, கொழும்பிலயிருந்து கார் வந்த கூலி, ஒப்படைப்புக் கட்டணம், இவ்வளவுக்கும் மேல வற் வரி. ஒப்படைப்புக் கட்டணம் எண்டால் கார்த் திறப்பை என்ர கையில தாறதுக்காம்.

"போனில எல்லாம் அடங்கும் எண்டுதானே சொன்னனீங்கள்?"

"அது காருக்கு அக்கா. இது காரின்ர செலவு."

மணிக்கூட்டைப் பாத்தன். பதினொண்டு இருவத்தைஞ்சு.

நான் பிரதேச சபையில வருமானப் பகுதிக் கிளார்க். வாற சனத்துக்கு நாள் முழுக்க நான் சொல்லுறது ஒண்டுதான்: "வாய்க் கதை வேண்டாம், எழுத்தில கொண்டு வாங்கோ." ஊருக்குத்தானடி உபதேசம்! காரின்ர விலையை எழுதித் தந்த தாளைக் கைப்பையில இருந்து எடுத்துப் பாத்தால், அடியில கடுகளவு எழுத்தில 'பதிவுச் செலவுகள் நீங்கலாக' எண்டு கிடக்கு. அதை வாசிக்காமல் விட்டது என்ர பிழை. ஆனால் அதுக்கு மேல 'வற் வரி உட்பட' எண்டும் கிடந்தது.

"அக்கா, பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது. குடுத்துப்போட்டு வா" எண்டு தம்பி காதுக்குள்ள அரிக்கத் தொடங்கினான்.

அப்பதான் இவர் பொக்கற்றுக்குள்ள கையை விட்டார். உறையை எடுத்து என்ர பக்கம் நீட்டினார். "இதில ஒண்டு எழுபது கிடக்கு. மிச்சத்தை நீர் போடும். காலுக்கு மாத்திறதைப் பிறகு பாப்பம்."

எனக்கு வந்த விசர்க் கோவம்! மனேச்சரிலயோ, சாத்திரியாரிலயோ, இவரிலயோ எண்டு எனக்கே தெரியேல்லை. அந்தக் காசு போனால் கார் முற்றத்தில நிக்கும், இவர் அதைத் துடைச்சுக்கொண்டு நிப்பார், நான் திரும்பவும் ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணுவன். எங்கட வீட்டில 'பிறகு பாப்பம்' எண்டு தள்ளிப் போறது எப்பவும் இவற்ர அலுவல்தான். தள்ளிப் போடுறதும் இவர்தான், அது இன்னும் கொடுமை.

உறையைப் பறிச்சு என்ர கைப்பைக்குள்ள போட்டு சிப்பை இழுத்தன். தாளை மனேச்சருக்கு முன்னால வைச்சன்.

"அரசாங்கத்துக்குப் போற காசுக்கு அரசாங்கப் பற்றுச்சீட்டு வரும். எதெதுக்கு வருமோ அதுகளுக்குப் புள்ளடி போடுங்கோ. கட்டுறன்."

முதல் மூண்டுக்கும் போட்டார். அறுபத்திரண்டாயிரம். "மற்றதெல்லாம் கொம்பனி நடைமுறை அக்கா. உங்களுக்கு நேரம் வேற போகுது" எண்டு சுவர் மணிக்கூட்டைப் பாத்தார். அந்தப் பார்வையிலதான் எனக்கு விளங்கினது. இந்த ஆள் விக்கிறது காரையில்லை, எங்கட நல்ல நேரத்தை.

"நேரம் போகட்டும்" எண்டன். அறுபத்திரண்டாயிரத்தை என்ர கார்ட்டால கட்டினன். கற்பூரத்தைத் திரும்பப் பெட்டிக்குள்ள போட்டன். கதிரையில இருந்து, கொண்டு போன இடியப்பப் பாசலை அவிட்டன். கத்தரிக்காய்ப் பால்கறி. ஏசி போட்ட அறை முழுக்க வாசம். கார் பாக்க வந்த சனமெல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குது. தம்பிக்கு வெக்கம், வெளியில போயிட்டான். இவர் எனக்குப் பக்கத்தில வந்திருந்து சாப்பிட்டார்.

பன்னிரண்டு அடிச்சுது. ராகு காலம் வந்திட்டுது. எங்களுக்கு இனி என்ன அவசரம்? அவசரம் இப்ப மனேச்சருக்கு. காரைப் பொறுப்பெடுத்தன் எண்டு நான் கையெழுத்துப் போட்டால்தான் பாங்க் லோன் காசை அவைக்கு விடும். ரெண்டு தரம் உள்ளுக்குப் போய்ப் போனில கதைச்சார். முதல்ல வற்றை வெட்டினார். நான் தண்ணியைக் குடிச்சன். பிறகு கூலியை வெட்டினார். ஒரு மணியளவில வந்து மிச்ச ரெண்டையும் பேனையால கீறிப்போட்டு, "அக்கா, நீங்கள் எங்க வேலை செய்யிறீங்கள்?" எண்டு கேட்டார். சொன்னன். "முதலே சொல்லியிருக்கலாமே" எண்டார்.

சொல்லாத சனத்தைச் சுத்தி ஏமாத்துவினமாக்கும்.

பிறகு தம்பியோட சண்டை. ஒண்டரைக்கு ராகு காலம் முடியுமட்டும் திறப்பில கை வைக்க மாட்டானாம். "அப்ப நீ இறங்கு, நாங்கள் ரெண்டு பேரும் தள்ளுறம்" எண்டன். பிள்ளையாரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஸ்டார்ட் பண்ணினான். தேசிக்காய் நாலும் நசிஞ்சுது. நேர கராச்சுக்குப் போய், காரையும் உறையையும் அங்க குடுத்திட்டு, மூண்டு பேரும் பஸ்ஸில வீட்டை வந்தம். கார் வாங்கப் போன சனம் பஸ்ஸால இறங்கினதை ஊர் ஒரு கிழமை கதைச்சுது. கார்ட்டுக் காசு கட்ட, அந்த மாசம் முழுக்கச் சோத்துக்குப் பருப்பும் முருங்கையிலையும்தான். முட்டை விக்கிறதுக்குக் கிடந்தது.

இவற்ர லைசென்ஸ் அலுவல் இழுபட்டு முடிய இன்னும் மூண்டு மாசம். முடிஞ்ச அண்டைக்கு வவுனியாவில இருந்து வீட்டை வர இவர்தான் ஓடினவர். நல்ல நேரம் ஒருத்தரும் கேக்கேல்லை. முறிகண்டிப் பிள்ளையாரடியில நிப்பாட்டி, தானே இறங்கித் தேங்காய் உடைச்சார். எனக்குக் கச்சான் கடலையும் வாங்கித் தந்தார். பரந்தன் தாண்டிக் கண்டாவளை றோட்டுக்கு வந்தம். அதே கிடங்குகள். இவர் றோட்டில இருந்து கண்ணை எடுக்கேல்லை.

"பிடிச்சுக்கொண்டு இரும்."

"ஓம், ஓம்" எண்டன்.