நான் அடைத்த ஓட்டை

மீன் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பைப்பில் என் மருமகன் வேண்டுமென்றே போட்டிருந்த ஒரு சிறு ஓட்டையை, அவருக்குத் தெரியாமல் நான் அடைத்தேன். அதனால் ஒரு மீன் செத்தது. அந்தப் பழியை இரண்டு மாதம் அவர் தலையிலேயே இருக்க விட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் திறமையைப் பற்றி இனிமேல் நான் எழுதப்போவதை, இதைத் தெரிந்துகொண்டு படிப்பதே நியாயம்.

திறமை இருந்தது, அதை மறுக்க மாட்டேன். நெய்வேலிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பிரிவில் முப்பத்திநான்கு வருடம் வேலை பார்த்தேன். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் இருக்கும் ஊற்றுநீர் மேல் நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். அதை இரவும் பகலும் இறைத்தால்தான் மேலே மெஷின்கள் நின்று வெட்ட முடியும். ஓடுகிற பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தே பேரிங் தேய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவேன். என் ஷிப்டில் ஒரு லைன் கசிந்தால் அதை அடைக்காமல் அடுத்த ஷிப்டுக்காரரிடம் ஒப்படைத்ததில்லை. கசியும் பைப்பைப் பார்த்தால் கை தானாக ஸ்பேனரைத் தேடும்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். சில வருடத்தில் என் மனைவியும் போன பிறகு, மந்தாரக்குப்பத்தில் மகள் இருந்த வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மகள் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. மருமகன் காடாம்புலியூர்க்காரர், நான் வேலை பார்த்த அதே சுரங்கத்தில் கான்ட்ராக்டில் பைப் ஃபிட்டர். மகள் அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்னபோது, “முதல்ல பர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்று இரண்டு வருடம் இழுத்தடித்தவன் நான். அவர் இன்றுவரை பர்மனென்ட் ஆகவில்லை. நான் அப்படிச் சொன்னதை அவர் ஒரு நாளும் பேச்சில் எடுத்ததும் இல்லை. எனக்கு மாடியில் காற்றோட்டமான அறையைக் கொடுத்துவிட்டு அவர்கள் கீழ் அறையில் படுத்துக்கொண்டார்கள்.

கூடத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் இரண்டு ஆஸ்கர் மீன்கள். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள், முழங்கை நீளம். ஒரு ரூபாய்க் காசு அளவில் இருந்தபோது மருமகன் வாங்கி வந்தவை, ஏழு வருடமாக வளர்ந்தவை. அவர் பைக் தெருமுனையில் திரும்பும்போதே இரண்டும் கண்ணாடியோரம் வந்து நிற்கும். அவர் விரலிலிருந்து தீனியைக் கவ்வும். பிடிக்காத தீனி என்றால் அவர் முகத்துக்கு நேராகவே துப்பும். “ஒங்க மாமனாரு மாதிரியே ருசி பாக்குதுங்க” என்று மகள் சொல்வாள். நானும் சிரிப்பேன்.

பெரிய மீன், அழுக்கும் அதிகம். தொட்டிக்குள் தொங்கிய சின்ன ஃபில்டர் போதவில்லை. அதனால் தொட்டிக்குக் கீழே, மேசைக்குள், இன்னொரு கண்ணாடித் தொட்டி வைத்து சம்ப் கட்டுவது என்று அவர் முடிவு செய்தார். மேல் தொட்டியின் ஓரத்தில் வழியும் நீர் பைப் வழியாகக் கீழே இறங்கும். அங்கே பஞ்சு, ஸ்பாஞ்ச், செராமிக் வளையங்கள் என்று தடுப்பு தடுப்பாகக் கடந்து தெளியும். கடைசித் தடுப்பில் இருக்கும் பம்பு அதைத் திரும்ப மேலே ஏற்றும். வரைந்து காட்டியபோது எனக்கு உற்சாகம் பொங்கியது. பல வருடத்துக்குப் பிறகு ஒரு பம்பு வேலை. பைப் போடுவது என் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன்.

நன்றாகவே போட்டேன். ஹாக்ஸாவால் அறுத்த முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒட்டும் சொல்யூஷன் தடவி, கால் சுற்று திருகிச் செருகி, முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடித்தேன். கழற்ற வேண்டிய இடங்களில் யூனியன் வைத்தேன். பின்பக்கக் கண்ணாடித் துளையில் பைப்பைக் கோர்க்கும் டேங்க் நிப்பிளை வாஷர் கசங்காமல் இறுக்கினேன். ஒரு சொட்டு கசியவில்லை. தொட்டியின் அடியில் அழுக்கு தங்கக்கூடாது என்று, மேலே ஏறும் பைப்பின் வாயைத் தொட்டித் தரையிலிருந்து நாலு விரல் உயரம் வரை இறக்கினேன்.

அங்கேதான் வாக்குவாதம் வந்தது.

“மாமா, கரண்ட் நின்னா மேல இருக்கற தண்ணி இந்தப் பைப்பு வழியாவே திரும்பிக் கீழ எறங்கிடும். தண்ணி மட்டத்துக்கு ரெண்டு வெரக்கடை கீழ ஒரு ஓட்டை போட்டுட்டா, மட்டம் அதுவரைக்கும் வந்ததும் காத்து பூந்துக்கும். அதோட நின்னுடும்” என்றார் மருமகன்.

மண்ணெண்ணெய் டின்னில் ட்யூபை விட்டு வாயால் உறிஞ்சிக் கீழே வைத்தால், டின் காலியாகும்வரை அது தானாக இழுத்துக்கொண்டே இருக்குமே, அதே கதைதான். எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் கரண்ட் நிற்பது என்பதை வைத்து யோசித்துப் பழகியவன் இல்லை நான். டவுன்ஷிப்பில், மின்சாரம் செய்கிற இடத்தின் நிழலிலேயே வாழ்ந்தவர்கள் நாங்கள். பிளாக்கில் விளக்கு அணைந்தால் அது ஒரு வாரத்துக்குப் பேச்சு. சுரங்கத்தில் ஒரு கரண்ட் லைன் போனால் இன்னொரு லைன் இருக்கும். பம்பு நிற்கக்கூடாது, அவ்வளவுதான். நின்றால் என்ன ஆகும் என்பது எங்களுக்கு மேலே இருந்தவர்கள் யோசித்து வைத்த விஷயம்.

“ஓட்டை போட்டு லைனைக் காப்பாத்தறதை என் சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல மாப்பிள்ளை. நான்-ரிட்டர்ன் வால்வு ஒண்ணு போட்டா தண்ணி திரும்பவே திரும்பாது.”

“அதுல பாசி கீசி மாட்டிக்கினா?”

“முப்பத்திநாலு வருஷமா மாட்டாததா இப்ப மாட்டப்போகுது?”

மகள் என் கையிலிருந்த வால்வை வாங்கி எடை பார்த்தாள். “அப்பா, இது மீன் தொட்டிப்பா. மைன்ஸ் இல்ல.” இருவரும் சிரித்தார்கள். வால்வும் இருக்கட்டும், ஓட்டையும் இருக்கட்டும் என்று மருமகன் சமாதானமாக முடித்தார். துளை போடும் மெஷினை எடுத்து, பைப்பின் பின்பக்கத்தில் தீக்குச்சி நுழையும் அளவு ஒன்று போட்டார்.

பம்பு ஓடும்போது அந்த ஓட்டையிலிருந்து ஒரு மெல்லிய நீர்த்தாரை தண்ணீருக்குள்ளேயே பீய்ச்சிக்கொண்டிருந்தது. தினமும் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்தேன். அழுத்தம் வீணாகிறது என்பது ஒரு காரணம். அந்தச் சிரிப்பு இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரியது. பத்து நாள் பொறுத்தேன். ஒரு காலை அவர்கள் வேலைக்குப் போன பிறகு பைப்பைக் கழற்றித் துடைத்தேன். பைப் துண்டிலிருந்து ஓர் ஆப்பு சீவி, சொல்யூஷன் தடவி ஓட்டையில் அடித்து இறக்கினேன். சாயங்காலம் மருமகன் தொட்டியைப் பார்த்துவிட்டு, “பம்பு இன்னிக்கு நல்லா தள்ளுது மாமா” என்றார். நான் சும்மா தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை கொஞ்ச நேரம் கரண்ட் போய் வந்தது. வால்வு பிடித்துக்கொண்டது. நான் சொன்னது சரி என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

பிறகு மாதாந்திரப் பராமரிப்பு நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் எடுத்தால் சாயங்காலம்தான் கொடுப்பார்கள். ஃபேன் இல்லாமல் உட்கார முடியாது என்று, டவுன்ஷிப்பில் இன்னும் சர்வீஸில் இருக்கும் ஒரு பழைய சகாவின் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டேன். அங்கே ஃபேனுக்கடியில் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டேன்.

மூன்று மணிக்குத் திரும்பியபோது வாசற்படியில் தண்ணீர் வழிந்து காய்ந்திருந்தது. கூடம் முழுக்க ஈரம். சம்ப் விளிம்புவரை நிறைந்து நின்றது. மேல் தொட்டியில் நாலு விரல் கலங்கல் தண்ணீர், அதில் இரண்டு மீன்களும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. பெரியதற்குச் செவுள் அசையவில்லை. சின்னதை இரண்டு கையாலும் அள்ளி, ஓவர்ஹெட் டேங்கிலிருந்து பக்கெட்டில் பிடித்த தண்ணீரில் விட்டேன். பிழைத்தது.

வால்வைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருக்கும் மூடியின் விளிம்பில் ஃபில்டர் பஞ்சின் ஒரு திரி மாட்டியிருந்தது. ஒரு நூல் அளவுதான். சுரங்கத்தில் எங்கள் வால்வுகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஓர் ஆள் தனியாக இருந்தார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அடுத்து நான் செய்ததைத்தான் என்னால் இன்னும் நேராகப் பார்க்க முடியவில்லை. மருமகன் ஷிப்ட் முடிந்து வர ஒரு மணி நேரம் இருந்தது. பைப்பில் அந்த ஆப்பு இருந்த பகுதியை ஹாக்ஸாவால் அறுத்து, தாளில் சுற்றி, தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அவர் வந்து, செத்த மீனையும் அறுந்த பைப்பையும் பார்த்தார். பிறகு கேட்டார்: “ஓட்டை என்னாச்சு மாமா?”

“அறுத்துப் பார்த்தேன், பாசி அடைச்சிருந்தது” என்றேன்.

அவர் நம்பினார். அந்த ஓட்டையைச் சுத்தம் செய்திருக்க வேண்டியது தன் வேலை என்று உடனே ஒத்துக்கொண்டார். மீனை வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் அவரே புதைத்தார். மகள் எனக்குப் பரிந்து பேசினாள். “அப்பா அப்பவே ஓட்டை வேணாம்னாரு. நீங்கதான் பெரிய ஆளாட்டம் போட்டீங்க” என்று அவரை என் எதிரிலேயே சொன்னாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

தொட்டியை அவர் திரும்ப நிரப்பவில்லை. பிழைத்த மீன் ஒரு நீல டிரம்மில் கிடந்தது. வெளியே பார்க்க அதற்குக் கண்ணாடி இல்லை. வேலையிலும் அவர் மாறினார். தான் போட்ட ஜாயின்ட்டை இன்னொரு ஆளைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறாராம். ஃபோர்மேன், “என்னாய்யா, கை நடுங்க ஆரம்பிச்சிட்சா?” என்று கேட்டதை அவரே ஒருநாள் சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பில் சிரிப்பே இல்லை. ஒரு நல்ல ஃபிட்டர் தன் கையை நம்பாமல் போவது என்ன என்று எனக்குத் தெரியும். அதைச் செய்தவன் நான்.

பிறகு ஒரு சனிக்கிழமை, கடைத்தெருவில் வளர்ப்பு மீன் கடை வைத்திருப்பவர் மறுநாள் காலை வந்து தொட்டியையும் மீனையும் எடுத்துப்போவார் என்று மருமகன் சொன்னார். “நமக்கு சரிப்பட்டு வரல மாமா” என்று என்னிடம் விளக்கமும் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவர்கள் இருவரும் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். முன்னுரை ஒன்றும் வைக்கவில்லை.

“மாப்பிள்ளை, பாசி அடைக்கல. நான்தான் அடைச்சேன். ஆப்பு சீவி வச்சு அடைச்சேன். நீங்க வர்றதுக்குள்ள அந்தத் துண்டை அறுத்துத் தூக்கிப் போட்டுட்டேன்.”

மகள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் என்னையே பார்த்தார்.

“எதுக்கு மாமா அடைச்சீங்க?”

“நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீங்க. அதுக்குத்தான்.”

“ரெண்டு மாசமா நான் கொன்னுட்டேன்னு நெனச்சிக்கினு இருக்கேங்க” என்றார். குரல் உயரவே இல்லை. எழுந்து பைக்கை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மகள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று இரவுச் சாப்பாட்டைத் தட்டில் வைத்து மாடிக்கு அனுப்பினாள்; கீழே கூப்பிடவில்லை.

ஞாயிறு காலை மீன் கடைக்காரர் வண்டியோடு வந்தார். மாடியிலிருந்து கேட்டேன். “இல்லண்ணே, குடுக்கல. வூட்லயே இருக்கட்டும்” என்று மருமகன் அவரைத் திருப்பி அனுப்பினார். ஆனால் என்னிடம் ஐந்து நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் போய் நின்று கெஞ்சவில்லை. கோபப்பட அவருக்கு அத்தனை நாள் வேண்டும். அது அவருடைய உரிமை.

ஆறாம் நாள் சாயங்காலம், அவருடைய ஷிப்ட் ஓய்வு நாளில், கீழே ஹாக்ஸா சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். புது பைப் அறுத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, “அந்த முனையப் புடிங்க மாமா” என்றார். பிடித்தேன். எல்லா ஜாயின்ட்டையும் அவரே போட்டார். அவருடைய கை என் கையைவிட நிதானமானது. அதை அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சொல்யூஷனை நான் தடவுவதில் பாதிதான் தடவினார், ஆனாலும் விளிம்பு முழுக்கச் சீராக நனைந்திருந்தது. நான்-ரிட்டர்ன் வால்வை அவர் எடுக்கவில்லை. வேண்டுமா என்று நானும் கேட்கவில்லை. ஏறும் பைப்பின் வாயையும் தொட்டியின் பாதி ஆழத்தோடு மேலேயே நிறுத்தினார்.

ஓட்டை போடும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டு, மெஷினை என்னிடம் நீட்டினார்.

“இத நீங்க போடுங்க.”

நல்ல பைப்பில் நானாக ஓட்டை போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சுருள் சுருளாக வெள்ளைத் தூள் மடியில் உதிர்ந்தது.

தண்ணீர் நிரப்பி பம்பை ஓடவிட்டோம். அரை மணி நேரம் கழித்து மகளிடம் மெயினை அணைக்கச் சொன்னார். மூவரும் குனிந்து நின்றோம். மேலே மட்டம் மெல்ல இறங்கியது. ஒரு விரல். இரண்டு விரல். ஓட்டை ஒரு முறை கொப்பளித்தது, காற்றை உறிஞ்சியது, சத்தம் நின்றது. கீழே சம்பில் நீர் அவர் குறித்து வைத்திருந்த கோட்டுக்கு அரை விரல் கீழேயே நின்றுவிட்டது. “நின்னுட்சி” என்றார், என்னிடம் அல்ல, தொட்டியிடம். மறுவாரம் ஃபோர்மேனிடம் ஏதோ பதில் சொன்னதாகவும் தெரிகிறது. என்ன சொன்னார் என்று மகளிடம் மட்டும் சொல்லிச் சிரித்தார்.

என் வேலை இப்போது ஒன்றுதான். தினமும் காலையில் பல் குத்தும் குச்சியால் அந்த ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்வது. அவர் சொல்லவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. ஒரு நாளும் தவறியதில்லை. அந்த ஓட்டையில் இனிப் பாசி பிடிக்காது என்று எழுதியே கொடுப்பேன். கையைத் தண்ணீரில் விடும்போது மீன் மூலைக்குப் போய் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். முடித்ததும் தீனி நீட்டுவேன். அவர் கையில் வாங்குவதை அது என் கையில் இன்னும் வாங்குவதில்லை. தண்ணீரில் போட்டுவிட்டு விலகி நின்றால், வந்து சாப்பிடுகிறது.