இடுப்பளவுதான்

நான் பொய் சொல்லுவேன். மீமிசல் கரையில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். முழ நீள மீனை ஆள் உயரத்துக்கு வளர்த்துவிடுவேன். ஆனால் இதில் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் இதைவிட நல்லபடியாக முடித்திருப்பேன்.

போன மாசி. புதன்கிழமை. விடிகாலை நாலரைக்கு நானும் ஷேக் பரீதும் நண்டு வலை எடுக்கக் கிளம்பினோம். கிளம்புகிற நேரத்தில் அவன் சட்டையில் பட்டன் தெறித்துவிட்டது. அவன் சம்சாரம் ரம்லத் பீவி, கைக்குக் கிடைத்த சிவப்பு நூலில் அவசரமாகத் தைத்துக் கொடுத்தது. சட்டையோ வெள்ளை.

"கொசு கடிச்ச மாதிரி இருக்கு மாப்ளே" என்றேன் பரீதிடம்.

"கரை தெரியாது, கம்பம் தெரியாது. இது மட்டும் தெரியுதாக்கும் மாமா ஒங்களுக்கு."

வலையை எடுத்துக்கொண்டு திரும்பினோம். மணி 6.50. காற்று நின்றது. குறையவில்லை... நின்றது. கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. கையை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. மாசியில் கடல் அப்படி இருக்காது. கடற்காகங்கள் தண்ணீரில் உட்கார்ந்திருந்தன. படகு உரசிக்கொண்டு போயும் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

7.05. பனி இறங்கியது. வெயில் வந்தால் பனி கலையும். இது வெயில் வந்த பிறகு இறங்கியது.

7.12. தட்... படகு நின்றது. இஞ்சினும் நின்றது.

"மணல் திட்டு மாமா. நீரோட்டம் கரைக்கு இழுத்துட்டு வந்துருச்சு."

எங்கள் கரையோரம் ஆழம் கம்மி. படகு தட்டினால் சட்டையைக் கழற்றிப் படகில் போட்டுவிட்டு, இறங்கித் தள்ளுவோம். அன்றாட வேலை. பரீதும் கழற்றிப் போட்டான்.

சளப்... சளப்...

யாரோ நடந்து வரும் சத்தம். பனிக்குள் ஒரு ஆள். சட்டை இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றான். பின்னால் இன்னும் மூன்று பேர்.

"எங்க படகும் தட்டிருச்சுண்ணே. எறங்குங்க. இடுப்பளவுதான்."

"எந்த ஊரு?" என்றேன்.

"நாலு பேருதான் இருக்கோம். இன்னும் ஒரு ஆளு வேணும்."

பரீது ஒரு காலை வெளியே போட்டுவிட்டான்.

அப்போதுதான் பார்த்தேன். நாலு பேர் நிற்கிறார்கள். தண்ணீரில் ஒரு சலனம் இல்லை.

ஒரு கையால் பரீதின் கைலியைப் பிடித்தேன். காலால் நங்கூரத்தை உருட்டிவிட்டேன்.

கயிறு ஓடியது. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். ஐந்து பாகம்... பத்து... பதினைந்து. கயிறு தீர்ந்தது.

நங்கூரம் தரை தட்டவில்லை.

"மாப்ளே. காலை எடு."

"இடுப்பளவுதாண்ணே..."

குரல் இப்போது படகு ஓரத்தில்.

"காலை எடு."

எடுத்தான்.

7.31. மேலைக்காற்று வந்தது. பனி விலகியது. யாரும் இல்லை. இஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது.

பரீதின் சட்டையைத்தான் காணோம். வலைக்கு அடியிலும் பார்த்தோம். இல்லை.

ஒன்பது மணிக்குக் கரை சேர்ந்தோம். நண்டு வாங்க வந்த வியாபாரி ராசு போனை நீட்டினான்.

"வடக்கே ஒரு படகு ஒதுங்கியிருக்காம். திங்கக்கிழமை போன நாலு பேரு. சட்டையெல்லாம் படகுலயே கெடக்கு. ஆளுகளைக் காணோம்."

பரீது போட்டோவைப் பெரிதாக்கினான். படகுக்குள் சட்டைகள். எண்ணினான். ஐந்து.

மேலே கிடந்தது வெள்ளை. அதில் ஒரு பட்டன் மட்டும் சிவப்பு நூலில்.

எடுத்த நேரம் போட்டோவின் மூலையிலேயே இருந்தது. கண்ணாடி போடாமல் பார்த்தேன். போட்டும் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை, மாலை 5.40.

பட்டன் தைத்தது புதன்கிழமை விடிகாலை.