டெல்சியின் மகளை டி.வி.யில் காட்டிய தேர்தல்

டெல்சி ஹார்லெஸ் எங்கள் பிக்கன்ஸ் ஃபோர்க் பள்ளிச் சமையலறையில் என்னோடு வேலை பார்த்தவள். அவள் சிரித்தால் பந்தி முழுக்கப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். மகள் ரமோனா போனபின் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. கணவன் அதற்கும் முன்பே, சுரங்கத் தூசி அடைத்த நெஞ்சோடு போய்ச் சேர்ந்திருந்தான்.

குடித்துவிட்டு லாரி ஓட்டிய ஒருவன் ரமோனாவை மோதிக் கொன்றான். ஜூரி அவனைக் குற்றவாளி என்றது. ஆனால் ஜூரியில் இருந்த ஒருவர் அரசு வக்கீலின் மைத்துனர் என்றும், அதை மறைத்துவிட்டார்கள் என்றும் பிறகு தெரியவந்தது. மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்து அவனை வெளியே விட்டது. அந்த உத்தரவை எழுதியவர் நீதிபதி அமோஸ் கெசல். மறு விசாரணையில் அவன் தானாகவே குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனான். இருந்தாலும் அந்த இடைப்பட்ட மாதங்களில் டெல்சி அவனைக் கடைத்தெருவில் பார்க்க நேர்ந்தது. கெசலை அவள் மன்னிக்கவில்லை.

யாராவது அவர் பேச்சை எடுத்தால், "அந்த ஆளு பேர இங்க சொல்லாத, பீன்ஸ் அடிபிடிச்சிடும்" என்பாள்.

எங்கள் மாநிலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறோம். கெசலின் தவணை முடிந்து அவர் மறுபடி நின்ற வருடம், இலைகள் பழுக்கத் தொடங்கிய நேரம். டயர் மாற்றுவதற்காக டெல்சி கடையில் காத்திருந்தாள். சுவரில் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யில் திடீரென்று ரமோனா வந்தாள். பல்லில் கம்பி கட்டியிருந்த பள்ளிக்கூடப் படம். பின்னால் முரசுச் சத்தம். "ரொமேனாவைக் கொன்றவனை அவிழ்த்துவிட்டவர் நீதிபதி கெசல். உங்கள் பிள்ளைக்கு யார் காவல்?" என்றது ஒரு கரகரத்த குரல். பெயரைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. கடைக்காரர் ரிமோட்டைத் தேடித் தேடிக் கிடைக்காமல், கடைசியில் சுவரிலிருந்த ஒயரையே பிடுங்கிவிட்டார்.

அன்றிலிருந்து ஊரே அவள் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரத் தொடங்கியது. சாவு புதிதாக நடந்ததுபோல. கோழியும் நூடுல்ஸும் போட்டு வேகவைத்த தட்டுகள் குளிர்பெட்டியில் அடுக்கடுக்காக நின்றன. அவள் எதையும் தொடவில்லை. செய்தியில், பந்தாட்டத்தில், சமையல் நிகழ்ச்சியில் என்று எதைப் போட்டாலும் ரமோனா வந்தாள். டெல்சி டி.வி.யைத் தூக்கிக் கார் கொட்டகையில் வைத்தாள்.

டி.வி. நிலையத்துக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"பணம் கட்டின விளம்பரங்க. தேர்தல் வரைக்கும் நேரத்த வாங்கிட்டாங்க. எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் மேலாளர்.

"நேரத்துக்குக் கட்டினாங்க, சரி. எம் பொண்ணு மூஞ்சிக்கு யாருகிட்டக் கட்டினாங்க?" என்றாள் டெல்சி. அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் 'பத்திரமான குடும்பங்கள் சங்கம்' என்று ஒரு பெயரும், தலைநகரத்தில் ஒரு விலாசமும் இருந்தன. ஒரு சனிக்கிழமை இருவரும் என் காரில் போனோம். அந்த விலாசத்தில் இருந்தது பார்சல் அனுப்பும் கடை. உள்ளே சுவர் நெடுகப் பூட்டிய சின்னச் சின்னத் தபால் பெட்டிகள்.

கல்லாவில் இருந்த பெண் சிரித்தாள். "ஆபீஸா? ஆபீஸ்னு ஒண்ணும் இல்லம்மா. அந்தப் பெட்டிதான் அவங்க."

டெல்சி அந்தப் பெட்டி முன்னால் போய் நின்றாள். தட்டுவதற்குக் கையைத் தூக்கி, பிறகு வெட்கப்பட்டவளாய் இறக்கிக்கொண்டாள்.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அங்கிருந்தே போன் செய்தாள். எடுத்தவன் இளைஞன், நல்ல பணிவாகப் பேசினான்.

"ஐயோ, நீங்களா மேடம்? நாங்க உங்க பக்கந்தான் மேடம். அடுத்த விளம்பரத்துல நீங்களே வந்து ரெண்டு வார்த்த பேசினா எவ்வளவு நல்லா இருக்கும் தெரியுமா? காரு அனுப்புறோம்."

"உன் பேரு என்ன தம்பி?"

"அது... பேரெல்லாம் சொல்றதில்லங்க மேடம்."

"பணம் கொடுக்கிறவங்க பேரு?"

"அதுவும் சொல்றதில்லங்க."

அவர்கள் யார் என்பதை ஊர்ப் பத்திரிகை பாதியாவது கண்டுபிடித்து எழுதியது. சுரங்கக் கம்பெனி, இன்சூரன்ஸ் கம்பெனிகள், மருந்துக் கம்பெனிகள், இவர்கள் எல்லோரும் சேர்ந்த வியாபாரிகள் சங்கம். குடிகார லாரிக்காரனைப் பற்றி இவர்களுக்கு என்ன கவலை? டிக் கிரீக் என்ற ஓடையோரத்துக் கிணறுகளில் நிலக்கரி கழுவிய சேறு இறங்கியதற்காக அங்குள்ள குடும்பங்கள் சுரங்கக் கம்பெனிமேல் வழக்குப் போட்டு ஜெயித்திருந்தன. அப்பீல் உச்ச நீதிமன்றத்தில் காத்திருந்தது. அங்கே கெசல் இருப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கெசலுக்கும் வக்கீல்கள் பணம் கொடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் இது ஓடை, கம்பெனிகளின் பணம் ஆறு.

பத்திரிகைக்கு டெல்சி நாலு வரி எழுதினாள். அந்த ஆள் சிறையில்தான் இருக்கிறான், என் மகளை விட்டுவிடுங்கள் என்று. புல்வெட்டும் மிஷின் விளம்பரத்துக்குக் கீழே அதைப் போட்டார்கள். அதன்பிறகு வீட்டுக்குச் சாப்பாடு வருவது நின்றது.

அவள் தம்பி டென்வர் சுரங்கத்தில் வேலை செய்பவன். ஞாயிறுதோறும் அக்கா வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. அந்த ஞாயிறு முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"பெத்த பொண்ணக் கொன்னவன வெளிய விட்டவனுக்கா வக்காலத்து வாங்குற?"

"நான் யாருக்கும் வாங்கல. எம் பொண்ண அவங்க வாங்கிட்டாங்கடா, அதத்தான் சொல்றேன்."

"கெசல் இருந்தா சுரங்கத்த மூடிடுவோம்னு ஷிப்டுக்கு முன்னாடி சொல்லிட்டாங்க அக்கா. நான் என்னத்தத் திங்கிறது? உன் நாலு வரியையா?"

அதற்குப்பின் அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. சர்ச்சில் அவள் உட்காரும் வரிசையில் இடம் தாராளமாகக் கிடைத்தது. பள்ளியில் மட்டும் நான் பேசினேன். நானும் யோசித்துத்தான் பேசினேன், அவள் கேட்பதெல்லாம் அந்த விளம்பரத்தைப் பற்றியே இருந்ததால்.

தேர்தலுக்கு முந்தைய வாரம் தீயணைப்பு நிலையத்தில் கெசலுக்காக ஒரு விருந்து வைத்தார்கள். பீன்ஸும் சோள ரொட்டியும். போட்ட நாற்காலிகளில் பாதிகூட நிரம்பவில்லை. டெல்சி நேராக அவரிடம் போனாள். கிழவர் அவளை அடையாளம் கண்டு எழுந்து நின்றார். கையிலிருந்த காகிதத் தட்டைக் கீழே வைத்தார்.

"நான் ரமோனாவோட அம்மா."

"தெரியும்மா. அந்த விளம்பரத்துக்காக வருத்தப்படுறேன். ஆனா பொய் சொல்லக் கூடாது. அந்த உத்தரவ இன்னிக்கு எழுதச் சொன்னாலும் அப்படியேதான் எழுதுவேன்."

"எழுதுவீங்கன்னு தெரியும். அதுக்காக உங்கள நான் சாகுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்." கோட்டைக் கையில் எடுத்தாள். "ஆனா அந்த உத்தரவுக்கு அடியில நீங்க உங்க பேரப் போட்டீங்க. அவங்க போடல."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறிவிட்டாள்.

கெசல் தோற்றார். நன்றாகவே தோற்றார். டெல்சி அவருக்குத்தான் போட்டாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தேர்தல் முடிந்த மறுநாள் ரமோனா டி.வி.யிலிருந்து மறைந்தாள். "வேல முடிஞ்சதும் துடப்பத்த மூலையில வைக்கிற மாதிரி" என்றாள் டெல்சி.

அடுத்த வசந்தத்தில், கெசலின் இடத்துக்கு வந்தவரின் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் டிக் கிரீக் குடும்பங்களின் தீர்ப்பு ரத்தானது. அந்தத் தீர்ப்பின்படி கம்பெனி வீட்டுக்கு வீடு அனுப்பிவந்த நல்ல தண்ணீர் லாரி நின்றது. ஜனங்கள் பெட்ரோல் பங்குக் குழாயடியில் கேன்களோடு நின்றார்கள். அந்த வரிசையில் டென்வரும் இருந்தான், அவன் வீடும் அந்தக் கரையில்தான். ஒருமுறை டெல்சி காரை நிறுத்தி அவன் கேனைத் தூக்கிவிட்டாள். அவன் "தேங்க்ஸ் அக்கா" என்றான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லவில்லை. அந்த ஞாயிறு அவள் இரண்டு பேருக்குச் சமைத்தாளாம்.

நான்கு வருடம் கழித்து அடுத்த நீதிபதித் தேர்தல் வந்தது. இந்த முறை வேறு ஒரு ஊர்ப் பையனின் படம். வேறு சங்கப் பெயர், அதே முரசு, அதே குரல். டெல்சி அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். அந்தப் பையனின் அம்மா இருக்கும் ஊரை விசாரித்து, மலைகளைத் தாண்டித் தனியாகக் காரோட்டிப் போனாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்.

அந்தப் பெண் கதவைத் திறக்கவில்லை. கொசுவலைக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டாளாம்: "நீங்க எந்தப் பக்கம்?"

"நான் எந்தப் பக்கமும் இல்லம்மா. எனக்கும் ஒரு பொண்ணு இருந்தா."

"எல்லாரும் இதத்தான் சொல்லிட்டு வர்றாங்க. போங்க."

டெல்சி காரில் போய் உட்கார்ந்தாள். வழிக்கென்று கட்டிக்கொண்டு போன சாண்ட்விச்சை அங்கேயே தின்றாள். ஜன்னல் திரை ஒருமுறை விலகி மூடியது. மழை பிடித்துக்கொண்டது. அது கொஞ்சம் விடும்வரை இருந்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

"நானும் அன்னிக்கு அப்படித்தான் கேட்டிருப்பேன்" என்றாள் என்னிடம்.